வளவு வீட்டில் ஒரு கணினி மேசை

கேள்வி: பள்ளத்தூர்ப் பூர்வீக வீட்டிலிருந்தே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதப்போகிறேன். என்னென்ன கருவிகள் வாங்கலாம்?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதலில் லேன் கேபிள் வாங்குங்கள், லேப்டாப் அப்புறம். உங்களுடையதைப் போன்ற செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் கனம் வெயிலைத் தடுப்பதுபோல வைஃபையையும் தடுக்கும். முகப்பில் ரௌட்டர், இரண்டாங்கட்டில் நீங்கள் என்றால் சிக்னல் தேய்ந்துதான் வரும். அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4-ஐவிடச் சுவரில் அதிகமாக வலுவிழக்கும். கேபிளோ 100 மீட்டர் வரை தாங்கும். வளவின் (உள்முற்றத்தின்) தாழ்வாரத்து ஓரமாகவே கொண்டுபோங்கள். முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றிய பழைய பூச்சில் தயவுசெய்து துளை போடாதீர்கள். அதைத் திரும்பப் பூசும் கைகள் இன்று அரிது.

ரௌட்டருக்கென்று ஒரு சிறிய யுபிஎஸ் அவசியம். மின்சாரம் போனாலும் லேப்டாப் ஓடும், ரௌட்டர் நின்றுவிடும். முதுகைத் தாங்கும் நாற்காலி, மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும் தனித்திரை, தனி விசைப்பலகை: இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. லினக்ஸ், விஎஸ் கோட், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட், எல்லாம் இலவசம். கூடவே, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. பல இடங்களில் புள்ளி தானாக விழும்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்து ஸோஹோ நிறுவனம் உலகத்துக்கே மென்பொருள் தருகிறது. பள்ளத்தூராலும் முடியும், தயங்காமல் தொடங்குங்கள்.