பாட்டிக்கும் ஒரு டம்ளர் பால்

எலும்பு கல்லைப் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது கல் அல்ல. அதற்கு உயிர் உண்டு. பழைய எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. அந்த இடத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இந்த வேலை நம் உடலில் நாள்தோறும் நடக்கிறது.

சுமார் 30 வயது வரை வரவு அதிகம், செலவு குறைவு. பிறகு மெல்ல மெல்லச் செலவு கூடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் சில ஆண்டுகள் இந்தச் செலவு வேகமாக நடக்கும். ஆண்களும் தப்ப முடியாது. அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும்.

செல்லரித்த மரம் வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே ஓட்டையாக இருக்கும். எலும்பும் அப்படித்தான் ஆகிறது. இதற்கு எலும்புப்புரை என்று பெயர். முதலில் வலி இருக்காது. ஒரு நாள் கால் வழுக்கும். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். சிலருக்கு விழாமலே முதுகெலும்பு நசுங்கும். கூன் விழும். இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கைதான். முழங்கால் வலி வேறு. அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்.

கிராம சுகாதார நர்ஸ் வீடு வீடாகப் போகும்போது இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

"பாட்டி, பால் குடிக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்குத் தாயி பாலு? வளர்ற புள்ளைங்க குடிக்கட்டும்."

"மோராவது ஊத்திக்குவீங்களா?"

"எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தா ஊத்திக்குவேன்."

"நீங்க விழுந்து படுத்துட்டா அந்தப் பிள்ளைங்கள யாரு பாட்டி பார்த்துக்குவாங்க?"

பாட்டி பதில் சொல்லமாட்டார். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர்தான். பானையின் அடியில் இருப்பது சோறும் ரசமும்தான்.

எலும்புக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்து. அதைக் கால்சியம் என்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200 வேண்டும். இது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் சுமார் 10தான்! ஒரு டம்ளர் பாலில் (200 மில்லி) ஏறக்குறைய 240 இருக்கிறது. கேழ்வரகுக் களியும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் பாட்டியின் தேவையில் ஏறக்குறையப் பாதி கிடைத்துவிடும்.

கர்நாடகத்து மக்கள் கேழ்வரகுக் களியை உருட்டிச் சாப்பிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் உருண்டை பிடிக்கிறார்கள். எள்ளில் கால்சியம் ஏராளம். வங்காளத்தில் சின்ன மீனை முள்ளோடு தின்கிறார்கள். முருங்கைக் கீரை நம் கொல்லையிலேயே இருக்கிறது. விளம்பரத்தில் வரும் சத்து மாவு டப்பாவை அதிக விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. பருப்பு, முட்டை போன்றவையும் வேண்டும். அவை தசைக்குப் பலம். தசை பலமாக இருந்தால் கால் தடுமாறாது.

தின்ற கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் தோலில் பட்டால் உடலே அதைச் செய்துகொள்ளும். காலை இளவெயில் இதற்குப் போதாது. நம் நாட்டில் பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை அடிக்கும் வெயில்தான் அதிகம் பயன்படும். கையும் காலும் வெயிலில் படட்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயன் இல்லை. கோடையில் கவனம் தேவை. தலைக்குத் துணி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

வேலை செய்யாத எலும்பு மெலியும். நடப்பது நல்லது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காரலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். முதுகெலும்பு நசுங்கியவர்கள் குனிந்து குடம் தூக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "ஒரே வாரத்தில் மூட்டு வலி போகும்" என்று பெயர் இல்லாத பொடியை விற்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம். வலி உடனே குறையும். ஆனால் மாதக் கணக்கில் தின்றால் எலும்பு கரையும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையையோ தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். புகையிலை, சாராயம் இரண்டும் எலும்புக்குக் கேடு.

முறிவுகள் பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கின்றன. குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தேய்ந்த செருப்பு வேண்டாம்.

இடுப்பு முறிந்தால் எண்ணெய் தடவி நீவக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓரிரு நாளில் அறுவை செய்தால் மீண்டும் நடக்கும் வாய்ப்பு அதிகம். செலவுக்குப் பயந்து பலர் தாமதிக்கிறார்கள். 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை எங்கே வாங்குவது என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? நேற்று அவர் என்ன சாப்பிட்டார்? அவர் இரவில் எழுந்து போகும் வழியில் விளக்கு இருக்கிறதா?