முனைவர் பட்டத்திற்குப் பின்...

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தொலைவிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பதினொரு நிலைகள் உண்டென்பது அருகே நின்று எண்ணினால்தான் தெரியும். கல்வியும் அத்தகையதே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முனைவர் பட்டத்திற்குப் பின்னும் ஒரு நிலை உண்டு என்று நூலகத்தில் படித்ததை வீட்டில் சொன்னேன். மில்லுக்கு இரவு ஷிப்டு கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, "டாக்டர் பட்டம் வாங்கின பெறகும் படிப்பா? எப்பத்தான் சம்பாதிப்ப?" என்றார். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முனைவர் பட்ட மேலாய்வு என்பது படிப்பு அன்று, வேலை. அதற்குத் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. முனைவர் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அனுபவமிக்க பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை பெற்று ஆராய்வார். பெரிய பல்கலைக்கழகங்களில் விலையுயர்ந்த கருவிகளும் பலதுறை அறிஞர்களும் ஒருங்கே இருப்பதால் இவ்வாய்ப்புகள் அங்கு மிகுதி.

வருமானம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எம்.எஸ்ஸி.க்குப் பின் நெட் தேர்வு வழியே இளநிலை ஆய்வு நிதி பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்திற்குப் பின், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய மேலாய்வு நிதி இரண்டாண்டுகளுக்கு உண்டு. வயது வரம்பு 35. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. வெளிநாடு எனில் ஜெர்மனியின் ஹம்போல்ட் நிதியைக் கூறலாம். இவ்விரண்டுக்கும் விண்ணப்பிக்குமுன், நம்மை ஏற்கும் பேராசிரியருக்கு எழுதி அவர் இசைவைப் பெறவேண்டும்.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்பு உயிரியல் பயின்று, 1978 முதல் 1982 வரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் மேலாய்வு செய்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை அங்குதான் ஆராயத் தொடங்கினார். அவ்வாய்வே 2009-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. ஆயினும் யேலில் இருந்தபோது ஏறத்தாழ ஐம்பது கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிட்டவில்லை. மேலாய்வு நிரந்தர வேலை அன்று என்பதை நாம் மறத்தலாகாது.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. வெங்கி பிறந்தபோது அவர் தந்தையார் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேலாய்வு செய்துகொண்டிருந்தார். தாயாரும் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் வீட்டுப் பேச்சிலேயே அறிந்திருக்கக்கூடியதை, நாம் இருபது வயதில் நூலகத்தில் தற்செயலாகக் காண்கிறோம். அறிவில் நாம் குறைந்தவர்கள் அல்லர். செய்தி நம்மை வந்து சேர்வதில்தான் தாமதம்.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்குத் தெரிந்த வழிகளை முதலாண்டிலேயே எங்களுக்குச் சொல்லுங்கள். நண்பர்களே, அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்வோம்.

அப்பாவிடம் இக்கணக்கையெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சம்பளம் சரி. ரெண்டு வருசம் முடிஞ்சா?" என்றார். வெங்கியின் ஐம்பது விண்ணப்பங்களையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "மொதல்ல பி.எஸ்ஸி.ய நல்லா முடி. மேல உள்ளத நான் பாத்துக்கிடுதேன்" என்று சைக்கிளை எடுத்தார்.