பந்தின் வேகம் அளக்க: ராடரா, போனா?

கோல்ஃப் பயிற்சித் திடல்களில் அடித்த பந்தை ராடர் பின்தொடர்வதை நம்மவர்கள் யூடியூபில் பார்த்திருப்பார்கள். கல்முனைக் கரையோரத்தில் அதே வித்தை தேவைப்படுவது கடினபந்துக்கு. சந்தாங்கேணியிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு தம்பி வேகமாக வீசினால், பார்க்கிறவர்கள் கேட்பது 'எத்தனை போகும்?' என்பதுதான். பதிலுக்கு எதை வாங்குவது என்று கழகங்கள் யோசிக்கின்றன.

ராடர் கன் வானலையை அனுப்பும். தன்னை நோக்கி வரும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கூடியிருக்கும்; அந்த வித்தியாசமே வேகம். 24 கிகாஹெர்ட்ஸ் கருவியில் மணிக்கு 1 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ். ஆனால் தன் பக்கமாக நெருங்குகிற அளவையே அது அறியும். 120இல் வரும் பந்தை 20 பாகை சரிவிலிருந்து பார்த்தால் 113 என்று காட்டும். 30 பாகையில் 104. பையன் தளர்ந்துவிட்டான் என்று பயிற்சியாளர் ஏசுவார், பிழையோ நின்ற இடத்தில். ஆகவே விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், வலைக்கு அப்பால், நேர்கோட்டில் நில்லுங்கள். துடுப்பாட்டக்காரரையும் நிறுத்தாதீர்கள், சுழலும் துடுப்பின் வேகத்தையும் ராடர் பிடித்துவிடும். கோல்ஃபில் ட்ராக்மேன் ராடரும் அடிப்பவருக்குப் பின்னால், பந்து போகும் திசையைப் பார்த்தபடிதான் வைக்கப்படுகிறது.

தொலைக்காட்சி ராடரும் தடுமாறும். 2020 ஜனவரியில், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிராக நம் மதீஷ பத்திரன வீசிய பந்துக்குத் திரையில் 175 வந்தது. யாரும் அதைச் சாதனையாக எடுக்கவில்லை. 2003இல் கேப்டவுனில் சொயிப் அக்தர் வீசிய 161.3தான் இன்றும் நிற்கிறது.

போனுக்குச் செலவே இல்லை. கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 17.68 மீற்றர். பக்கவாட்டில் ஸ்டாண்டில் பூட்டிப் படம் பிடித்து, பந்து அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். 120இல் வரும் பந்துக்கு 60 பிரேம் வீடியோவில் சுமார் 32; ஒன்று தவறினால் நான்கு கிலோமீற்றர் பிசகும். 240 பிரேம் ஸ்லோ மோஷன் என்றால் பிசகு ஒரு கிலோமீற்றர் அளவுக்கு இறங்கும். இதில் கிடைப்பது சராசரி வேகம். பந்து காற்றிலும் தரையிலும் வேகம் இழப்பதால், கையை விட்டதும் அளக்கும் ராடரைவிட எண் குறைவாகவே வரும். ஒருவனுக்கு ராடர், மற்றவனுக்குப் போன் என்று அளந்து ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

கூக்கபுரா நிறுவனத்தின் உணரி பதித்த பந்தும் உண்டு. 2021 கரீபியன் பிரீமியர் லீக்கில் பாவித்தார்கள். சுழலையும் சொல்லும். எங்கள் கொங்கிரீட் தளத்தில் அவ்வளவு விலையான பந்தைத் தேய விடுவதற்கு எனக்கு மனமில்லை. ஹோக்-ஐ போன்ற பல கமரா ஏற்பாடு தொலைக்காட்சிக்காரர்களின் பாடு.

என் கணக்கில், தனிக் கழகம் என்றால் போனும் ஸ்டாண்டும் போதும். நாலு கழகங்கள் காசு சேர்த்தால் ஒரு ராடர் வாங்கலாம். வேகப்பந்துத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு அது அவசியம். கட்டாரிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி எடுப்பதானால், வானலை பரப்பும் கருவி என்பதால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிலோமீற்றரில் காட்டுமா என்றும் பாருங்கள். மைலில் மட்டும் காட்டும் கருவியில் 75 என்று வந்தால் அது நம் கணக்கில் 120.7.