உண்ணிச்செடி: பெயர்க்காரணமும் திணை ஆய்வில் அதன் இடமும்

திறவுச்சொற்கள்: உண்ணிச்செடி, பெயர்க்காரணம், கருப்பொருள், மேய்ச்சல், நஞ்சு

முன்னுரை

திணைக் கோட்பாட்டை இன்றைய நிலக்காட்சியோடு பொருத்திக் காணும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. அவற்றில் இன்று காட்டில் காணப்படும் செடிகளையெல்லாம் தொன்மையான கருப்பொருளாகக் கொள்ளும் பிழை நேர்வதுண்டு. அதனை உண்ணிச்செடியின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

வரவும் பரவலும்

உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மஞ்சளாய் மலர்ந்து பின் செம்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும் பூங்கொத்தின் அழகு கருதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் கனியை உண்டு விதையைப் பரப்பின. தோட்டச்செடி காட்டுப்புதராயிற்று, முதுமலை முதலிய காடுகளில் புல்வெளியை மூடி, விலங்குகளின் உணவைக் குறைத்தது. எனவே, குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுள் இதனைத் தேடுவது பொருந்தாது.

பெயர்க்காரணம்

'உண்ணி' என்பது கால்நடைகளின் உடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் சிற்றுயிரையும், 'உண்பது' என்னும் பொருளையும் குறிக்கும். திரளாக அமையும் சிறிய, உருண்ட, கருநிறக் கனிகள், குருதி குடித்துப் பருத்த உண்ணிகளை ஒத்துள்ளன. ஆதலின் உவமை வழிவந்த பெயராகக் கொள்ள இடமுண்டு. 'உண்' என்னும் வினையோடு நேரே இணைத்து, உண்ணத்தக்க கனி எனப் பொருள்கொள்வது தீங்கு விளைக்கும். பழுக்காத பச்சைக் காய் நச்சுத்தன்மை உடையது.

வறண்ட நிலமும் நஞ்சும்

1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் பாலவனத்தம், அருப்புக்கோட்டையை அடுத்த மானாவாரி நிலப்பகுதியைச் சேர்ந்தது. இத்தகைய வறண்ட நிலத்தில் இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. பசும்புல் உள்ளபோது கால்நடைகள் இச்செடியைப் பெரும்பாலும் தவிர்க்கும். தீவனம் அற்ற கோடையில் மேயும். இலையிலுள்ள லாண்டடீன் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். அதனால் காமாலை தோன்றும்; வெயில் படும் தோல் புண்ணாகும். நிழலில் கட்டுதல் மேய்ச்சல்காரர் உடனே செய்யத்தக்கது, மருத்துவமும் வேண்டும்.

முடிவுரை

வந்தேறிய செடிக்கும் தமிழ் தன் அனுபவத்திலிருந்தே பெயர் தந்துள்ளது. எனினும் பெயரின் தமிழ்மை செடியின் தொன்மைக்குச் சான்றாகாது. கள ஆய்வில் தாவரப் பெயர் தொகுப்போர், பெயரோடு செடியின் தாயகம், வருகைக் காலம், நச்சுத்தன்மை ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் திணை ஆய்வு காலப்பிழையினின்று நீங்கும். சொல்தொகுப்பு மேய்ச்சல் நிலத்து மக்களுக்கும் பயன்படும்.