தோள் வலி போன பிறகுதான் வேலை தொடங்குகிறது

பாறையேறுபவர்களின் தோள் வலி ஒரே சுற்றில் ஓடும். பயிற்சிச் சுவரில் ஏறும்போது தோளின் முன்பக்கம் லேசாகக் குத்துகிறது. இரண்டு வாரம் ஓய்வு எடுக்கிறார்கள், குத்தல் போய்விடுகிறது. ஹம்பிக்கு டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று. துங்கபத்திரைக் கரையின் கருங்கல் பாறைகள் குளிர்காலத்தில்தான் கைக்கு நன்றாகப் பிடி கொடுக்கும், அதைத் தவறவிட யாருக்கும் மனம் வராது. போய் இறங்கிய மூன்றாம் நாள் அதே தோள், அதே இடம், முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வலிக்கிறது.

இரண்டு வார ஓய்வு வலியை அடக்கியது, அவ்வளவுதான். தசைநாண் பழைய சுமையைத் தாங்கும் அளவுக்குத் தேறவில்லை. ஓய்வில் தசை இளைத்தும் போயிருக்கும். வலி நின்ற நாளைக் குணமான நாளாக எண்ணி மறுநாளே பழைய பாறைக்குப் போவதால்தான் ஒரே காயம் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. உண்மையில் அந்த நாள் பாதி வழிதான். இந்த வழிகாட்டி முக்கியமாகப் பேசப்போவது மீதிப் பாதியைப் பற்றி.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் ஏறுபவர்களின் காயங்களை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் மருத்துவர் ஃபோல்கர் ஷோஃபல் குழுவினரின் பதிவுகளில், விரலுக்கு அடுத்து அதிகம் அடிபடும் உறுப்பு தோள். அதன் அமைப்பே அப்படி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை மிக ஆழம் குறைந்த குழியில் உட்கார்ந்திருக்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் ஓடுகிறது. அந்தத் தலையைக் குழியின் நடுவிலேயே பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகளின் வேலை. இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் தோள்பட்டை எலும்பு. பாறையேற்றம் இழுக்கும் தசைகளையும் கையை உட்பக்கம் திருப்பும் தசைகளையும் மாதக்கணக்கில் வளர்க்கிறது. வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கு அதே அளவு வேலை கிடைப்பதில்லை.

காஸ்டன் என்ற அசைவில் இது அப்பட்டமாகத் தெரியும். பிரெஞ்சு மலையேறி காஸ்டன் ரெபுஃபாவின் பெயரில் வழங்கும் அசைவு இது. பிடி முகத்துக்கு நேரே ஒரு செங்குத்து விளிம்பாக இருக்கும். கட்டைவிரல் கீழே பார்க்க, முழங்கை வெளியே விரிய, மூடிக்கொண்ட லிஃப்ட் கதவைப் பிளந்து திறப்பதுபோல அதை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். கை உயர்ந்தும் உட்பக்கம் திரும்பியும் இருக்கிற அந்த நிலையில் உடல் எடையின் பெரும்பங்கு தோளின் சிறு தசைகள் மேல் விழுகிறது. கால் வழுக்கிவிட்டால் முழு எடையும் ஒரே நொடியில் வந்து இறங்கும்.

முதலில் செய்ய வேண்டியது, இது வீட்டுப் பயிற்சியில் சரியாகக்கூடிய வலிதானா என்று பிரித்தறிவது. விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை, மூட்டு நழுவி உள்ளே போன உணர்வு, கை மரத்துப்போதல், படுத்தால் தூங்கவிடாமல் அடிக்கும் வலி, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் நேராக எலும்பு மூட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அவசர சிகிச்சைதான். தோள் வலி என்று வருவதில் ஒரு பங்கு கழுத்து நரம்பிலிருந்தும் வரும். கழுத்தைத் திருப்பும்போது கை வரை சுரீரென்று இறங்கினால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூட்டு இறுகிப்போகும் உறைதோள் வர வாய்ப்பு அதிகம். அதற்குரிய சிகிச்சை வேறு.

மூட்டு முழுவதுமாக நழுவியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எடின்பரோவில் 15 முதல் 35 வயது வரையிலான 252 பேரை முதல் நழுவலிலிருந்து தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டே ஆண்டுகளில் மூட்டு மறுபடி நிலைகுலைந்தது. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது. இருபது வயதுக் கிளைம்பருக்கு ஒருமுறை மூட்டு நழுவினால், அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற பேச்சை இரண்டாவது நழுவல் வரை தள்ளிப்போடக் கூடாது.

நழுவல் இல்லாத, மெல்ல மெல்ல வந்த வலிக்கு நிலைமை நேர்மாறு. இங்கே அவசரப்பட்டு ஸ்கேன் எடுப்பதும், ‘லேப்ரம் கிழிந்திருக்கிறது’ என்ற வரியைப் படித்துவிட்டு இனிப் பாறையே இல்லை என்று ஒடிந்துபோவதும்தான் அதிகம் நடக்கிறது. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 45 முதல் 60 வயதுக்காரர்கள் 53 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு லேப்ரத்தின் மேல்பகுதியில் கிழிசல் தெரிந்தது. வலி என்ற ஒன்றே அவர்களுக்கு இல்லை. நார்வேயில் இதே மேல்பகுதிக் கிழிசலுக்கு நடந்த சோதனையில் தையல் போட்டவர்களும், பைசெப்ஸ் நாணை இடம் மாற்றிக் கட்டியவர்களும், வெறும் பாவனை அறுவை செய்யப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். தோள்கூரை எலும்பைச் சுரண்டி இடம் உண்டாக்கும் அறுவை பற்றி பிரிட்டனில் நடந்து, லான்செட் இதழில் வெளியான சோதனையிலும் பாவனை அறுவையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஸ்கேனும் அறுவையும் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கத்தி தேவையா என்ற கேள்வி, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்த பிறகு வர வேண்டிய கேள்வி.

அடுத்த படி, சுமையைக் குறைப்பது. அடியோடு நிறுத்திவிடக் கூடாது. முதல் பத்துப் பதினைந்து நாட்களுக்குத் தலைக்கு மேலே தொங்குவது, நம் பக்கம் கவிழ்ந்திருக்கும் சாய்சுவர், தாவிப் பிடிப்பது மூன்றையும் விட்டுவிடலாம். வலிக்கும் தோளின் மேல் ஒருக்களித்துப் படுப்பதையும் கனமான முதுகுப்பையையும் தவிர்க்க வேண்டும். இந்த நாட்களிலேயே அசையாத பயிற்சியைத் தொடங்கலாம். சுவரை ஒட்டி நின்று, முழங்கையை இடுப்போடு சேர்த்து 90 பாகைக்கு மடக்கி, புறங்கையால் சுவரை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். 30 முதல் 45 வினாடி, ஐந்து முறை. தோள் அசையாது, தசை மட்டும் வேலை செய்யும்.

வலிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வது நல்லது. பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் பயிற்சியைத் தொடரலாம். மறுநாள் காலை வலி பயிற்சிக்கு முன்பிருந்த அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் சுமை அதிகம் என்று பொருள். இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். ஊசிக்கு மேல் ஊசி போட்டால் தசைநாண் பலவீனமாகும்.

குத்தல் தணிந்ததும் உண்மையான வேலை வருகிறது. வலி இல்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஒரு கைத்துண்டைச் சுருட்டி மேல்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைக்க வேண்டும். முழங்கை 90 பாகையில் மடங்கி, முன்கை வயிற்றின் மேல் கிடக்கும், கையில் 1 கிலோ டம்பல். துண்டு நழுவாமல் முன்கையைக் கூரைப் பக்கம் உயர்த்தி, மூன்று வினாடி எடுத்துக்கொண்டு மெல்லக் கீழே இறக்க வேண்டும். இறக்கம்தான் முக்கியம், பலரும் அவசரப்படுவதும் அங்கேதான். துண்டு நழுவி விழுந்தால் பெரிய தசைகள் குறுக்கே புகுந்து வேலையைப் பிடுங்கிக்கொள்கின்றன என்று அர்த்தம். 12 முதல் 15 வரை மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். பதினைந்தும் சுலபமாக வந்தால் அரை கிலோ கூட்டலாம்.

ஒரு விரல் கணுவில் முழு உடலைத் தூக்குகிறவர்களுக்கு 1 கிலோ டம்பல் அவமானமாகத் தோன்றும். முதல் சுற்றின் பன்னிரண்டாவது தடவையில் தோளின் பின்பக்கம் நடுங்கத் தொடங்கும்போது அந்த எண்ணம் போய்விடும்.

கூடவே தோள்பட்டை எலும்புக்கும் வேலை கொடுக்க வேண்டும். தண்டால் நிலையில் முழங்கையை மடக்காமல், பட்டைகள் இரண்டும் முதுகில் நெருங்கும்படி மார்பை இறக்கி, பிறகு தரையைத் தள்ளி முதுகை லேசாகக் குவிக்க வேண்டும். இது விலாவின் பக்கவாட்டில் உள்ள செரேட்டஸ் தசைக்கு. குப்புறப் படுத்து இரு கைகளையும் தலைக்கு மேலே சாய்வாக விரித்து, கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்குவது பட்டையின் கீழ்ப்பகுதிக்கு. ஒரு மாதம் கழித்து, பாதம் தரையில் ஊன்றியபடி கம்பியைப் பிடித்து, கையை மடக்காமல் தோளை மட்டும் காதிலிருந்து கீழே இறக்கிப் பழக வேண்டும். பாறையில் தோளைக் காதோடு ஒட்டவிட்டுச் சும்மா தொங்குபவர்கள் எடையை மூட்டின் இழையங்கள் மேல் போடுகிறார்கள். இந்தச் சிறு இறக்கம் அதைத் தசைக்கு மாற்றும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் எண்ணிக்கையை எட்டாகக் குறைத்து எடையைக் கூட்ட வேண்டும். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்தும் அதே திருப்பலைச் செய்ய வேண்டும். காஸ்டன் தோளைச் சோதிப்பது அந்த உயரத்தில்தான்.

எப்போது திரும்பலாம் என்பதை ஆசையிடம் கேட்காமல் அளந்து பார்ப்பது நல்லது. பயணப் பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசு போதும். தராசின் ஒரு முனையை நாடாவால் ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் மாட்டி, முழங்கையை இடுப்போடு சேர்த்து வெளிப்பக்கம் மெல்ல முழு பலத்தோடு இழுக்க வேண்டும். இரு கைக்கும் மூன்று மூன்று முறை அளந்து, நல்ல அளவை எழுதி வைக்கலாம். காயமான பக்கம் மறுபக்கத்தில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். பிறகு அதே கையால் உட்பக்கமும் இழுத்துப் பார்க்கலாம். வெளிப்பக்க பலம் உட்பக்க பலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

திரும்புவது காலில் தொடங்குகிறது. முதல் இரண்டு வாரம் எடை முழுவதும் காலில் நிற்கும் சரிவான சுவரும் பெரிய பிடிகளும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு செங்குத்துச் சுவர். முதலில் ஏறும் தடவைகளைக் கூட்ட வேண்டும், கடினத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறாவது வாரம் வாக்கில் லேசான சாய்சுவர். தாவல், அகலக் கை விரிப்பு, காஸ்டன் எல்லாம் அதற்கும் பிறகு, அதுவும் ஒவ்வொன்றாக. ஒரே வாரத்தில் இரண்டு புதுச் சுமைகளைச் சேர்த்துவிட்டால் எது வலித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கால் வைக்காமல் கையாலேயே ஏணிபோல ஏறும் கேம்பஸ் பலகை கடைசியில்தான். ஜெர்மன் பாறையேறி வுல்ஃப்காங் கூல்லிஷ் 1988இல் நியூரம்பெர்க்கில் அதை அமைத்தது, ஏற்கெனவே உச்ச பலத்தில் இருந்த உடலை இன்னும் கூர்மையாக்க. குணமாகிவரும் தோளுக்கு அங்கே வேலை இல்லை.

லேப்ரம் தைக்கப்பட்டவர்களுக்கு இந்தக் காலக்கணக்கு பொருந்தாது. தூளியில் கையைப் போட்டிருக்கும் வாரங்களையும் சேர்த்து, முழுமையாக ஏற ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். கணக்கை முடிவு செய்ய வேண்டியவர்கள் அறுவை மருத்துவரும் பிசியோவும்.

பாதாமியின் மணற்கல் சுவர்களுக்கோ ஹம்பிக்கோ போகும்போது உடற்பயிற்சி ரப்பர் பேண்ட் பையில் இருக்கட்டும். ஷூ மாட்டுவதற்கு முன் இரண்டு சுற்று வெளித்திருப்பல், பத்துத் தோள் இறக்கல், பிறகு இரண்டு சுலபமான ஏற்றம். வீட்டில் டம்பல் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைக்கலாம், ஏறும் காலம் முழுக்க விட்டுவிடக் கூடாது. பழைய குத்தல் எட்டிப் பார்த்தால் இரண்டு படி பின்னால் வந்து, ஒரு வாரம் செங்குத்துச் சுவரிலேயே இருந்து பார்க்கலாம். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் தராசு அளவுகளை எழுதிய தாளோடு பிசியோவிடம் போவது நல்லது. எந்த வாரத்தில் எந்தச் சுமைக்குப் பிறகு பலம் இறங்கியது என்பதை அந்தத் தாளிலிருந்தே அவர் கண்டுபிடிக்க முடியும்.