எட் மேத்ஸ் எடுக்கலாமா, வேணாமா?



மூன்றாம் படிவம் முடியும்போது நம்ம செனாவாங் பக்கம் பல வீடுகளில் இதே கேள்விதான். 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு இல்லை. பள்ளி தரும் பாடத் தொகுப்பிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கிறோம். அதனால், "கூடுதல் கணிதம் ரொம்ப கஷ்டமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை விட்டுவிடுவதும் சுலபமாகிவிட்டது. பொறியியல் ஆசை உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். எஸ்.பி.எம். முடிந்தபிறகு பல கதவுகள் இந்த ஒரு பாடத்தைக் கேட்டுத்தான் திறக்கும். பல்கலைக்கழகத்திலும் வகையிடல், தொகையிடல், வெக்டர் எல்லாம் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நடக்கும்.

நான்காம் படிவத்தில் பலர் முதலில் தடுமாறுவது இருபடிச் சமன்பாட்டில். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

இதற்கு ஸ்ரீதரர் என்ற நம் பழைய கணித அறிஞர் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார். அவருடைய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் 'பீஜகணித'த்தில் "இது ஸ்ரீதரர் சொன்ன விதி" என்று பெயர் சொல்லி எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. தெரியாத எண்ணை அக்காலத்தில் 'யா' என்று குறித்தார்கள். நாமும் அப்படியே போடுவோம்.

கணக்கு: 3யா² + 5யா = 2

1. முதல் எண் 3. அதன் நான்கு மடங்கு 12. இரு பக்கமும் 12ஆல் பெருக்கு: 36யா² + 60யா = 24
2. நடு எண் 5. அதன் வர்க்கம் 25. இரு பக்கமும் கூட்டு: 36யா² + 60யா + 25 = 49
3. இடப்பக்கம் இப்போது முழு வர்க்கம்: (6யா + 5)² = 49
4. ஆகவே 6யா + 5 = 7 அல்லது −7. யா = ⅓ அல்லது −2.

பாடநூல் வழியில் முதலில் 3ஆல் வகுக்கணும். உடனே பின்னம் வந்துவிடும். இங்கே கடைசி வரி வரைக்கும் பின்னமே இல்லை. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதே நான்கு படிகளைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மனப்பாடம் பண்ணும் சூத்திரம் தானாக வந்து நிற்கும். அதில் உள்ள 4 எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்துவிடும்.

ஆனால், "நம் முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று பெருமை பேசினால் மட்டும் மார்க் வராது. எஸ்.பி.எம்.மில் முதல் தாள் 80, இரண்டாம் தாள் 100 மதிப்பெண். இரண்டிலும் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் தினமும் இரண்டு கணக்காவது வரி விடாமல் எழுதிப் போடுங்கள். விடையை மறுபடி கேள்வியில் வைத்துச் சரிபாருங்கள். டியூஷனுக்கு வசதி இல்லையா? ஞாயிறு சமய வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஸ்ரீதரர் விதி நம்மிடம் வந்து சேர்ந்ததும் அப்படித்தானே!

பயிற்சி: 2யா² − 7யா = −3. விடை 3, ½ என்று வந்தால், எட் மேத்ஸ் உங்களுக்கும் வரும்.