தாங்கியில் திறன்பேசி

டாக்சியிலோ தனியார் வாடகைக் காரிலோ ஏறி அமர்ந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படுவது எது? பெரும்பாலும் ஓட்டுநருக்கு முன்னால் ஒளிரும் ஒரு திறன்பேசியாகத்தான் இருக்கும். சிலர் இரண்டு திறன்பேசிகளைக்கூட மாட்டி வைத்திருப்பார்கள். ஒன்றில் சாலை வரைபடம் ஓடும். மற்றொன்றில் அடுத்த பயணியின் அழைப்பு வரும். முன்பெல்லாம் கார்களில் தடிமனான தெருவழிகாட்டிப் புத்தகம் ஒன்று கிடக்கும். தெரியாத இடத்திற்குப் போக வேண்டுமென்றால், ஓட்டுநர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பக்கங்களைப் புரட்டுவார். புத்தகத்தைப் பார்ப்பதற்கு வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். திறன்பேசியோ ஓடும் வண்டியிலேயே வழி சொல்கிறது. அதன் வசதியும் அங்கேதான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் இதற்கான சட்டம் 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன்பு, வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும் குற்றமாக இருந்தன. இப்போது, ஓடும் வாகனத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இணையத்தில் உலாவினாலும், சமூக ஊடகத்தைப் பார்த்தாலும் குற்றம்தான். கைக்கணினிக்கும் இதே விதிதான். முதன்முறை பிடிபடுபவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தாங்கியில் பொருத்திய திறன்பேசியைப் பயன்படுத்துவது இந்தக் குற்றத்தில் சேராது. தாங்கிகள் இவ்வளவு பரவலாக விற்பனையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதை ஒரு சிறிய கணக்கு விளக்கும். விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் 25 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. மடியில் கிடக்கும் திறன்பேசியை எடுத்து, யார் அழைக்கிறார் என்று பார்க்க இரண்டு விநாடிகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 50 மீட்டர் ஓடியிருக்கும். அது ஒலிம்பிக் நீச்சல்குளத்தின் நீளம். அந்தத் தூரம் முழுவதும் கார் ஓடுகிறது. ஆனால் அதை யாரும் ஓட்டவில்லை!

தாங்கியின் வேலை இந்த நேரத்தைக் குறைப்பதுதான். திரை கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருந்தால், ஓட்டுநர் தலையைக் குனியாமல் ஒரு பார்வையில் வளைவைக் கவனித்துவிட்டு மீண்டும் சாலையைப் பார்க்கலாம். ஆனால், முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் அது சாலையையே மறைத்துவிடும். கடைகளில் ‘360 பாகை சுழலும்’ என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். ஓட்டுநருக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கோணம்தான். அது நழுவாமல் நிற்கிறதா என்பதே கேள்வி.

தாங்கிகளில் பல வகை உண்டு. குளிர்காற்று வரும் துவாரத்தின் தகடுகளில் கவ்விக்கொள்பவை, காந்தத்தால் பிடிப்பவை, ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்பவை ஆகியவற்றை அடிக்கடி பார்க்கலாம். ரப்பர் கிண்ணம் ஒட்டுவதற்குப் பசை தேவையில்லை. அதை அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிறது. பிறகு, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமம். ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். அப்படியானால், காற்று முழுவதும் வெளியேறியிருந்தால், அதைப் பிடித்திருக்கும் விசை ஏறக்குறைய 28 கிலோகிராம் எடைக்குச் சமமாக இருக்கும். 200 கிராம் எடையுள்ள திறன்பேசியைத் தாங்க இது தாராளமாகப் போதும். பிறகு ஏன் சில தாங்கிகள் நடு வழியில் ‘பொத்’தென்று விழுகின்றன? கண்ணாடியில் படிந்த தூசியின் வழியாகக் காற்று மெல்ல உள்ளே கசிகிறது. வெயிலில் ரப்பர் தளர்கிறது. உள்ளே மிஞ்சிய கொஞ்சக் காற்றும் சூடாகி விரிகிறது. ஒட்டுவதற்குமுன் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, நன்றாக உலரவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தாங்கி விழுவது சிறிய விஷயம்தான். விழுந்த திறன்பேசியைத் தேடி ஓட்டுநர் குனிவதுதான் பெரிய விஷயம்.

தாங்கியைப் பொருத்தக்கூடாத இடமும் ஒன்று உண்டு. காரின் முன்பக்கப் பலகையில் ‘ஏர்பேக்’ என்று பொறித்த மூடி இருக்கும். விபத்து நேர்ந்தால், கண் இமைக்கும் நேரத்திற்குள் அந்த மூடியைப் பிளந்துகொண்டு காற்றுப்பை விரியும். அதன்மேல் எதை ஒட்டியிருந்தாலும் அது பயணியின் முகத்தை நோக்கிப் பாயும்.

இனி சார்ஜர். வரைபடம் காட்டும் திறன்பேசி மிகக் கடுமையாக உழைக்கிறது. அதன் திரை அணையாமல் ஒளிர்கிறது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளங்களிலிருந்து வரும் சமிக்ஞைகளை அது இடைவிடாமல் பெறுகிறது. போதாததற்கு, போக்குவரத்து நிலவரத்தையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. இப்படி நாள் முழுவதும் ஓடினால் மின்கலம் தாக்குப்பிடிக்காது. ஆகவே, காரின் மின்கலத்திலிருந்து மின்சாரம் பெற வேண்டியிருக்கிறது. அதற்குப் பயன்படும் வட்டமான துளை, முதலில் சிகரெட் பற்றவைக்கும் கருவிக்காக அமைக்கப்பட்டது. இன்று அதில் சிகரெட் பற்றவைப்பவர்களைக் காண்பது அரிது. துளை மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது!

காரின் மின்கலம் 12 வோல்ட் மின்னழுத்தம் கொண்டது. இயந்திரம் ஓடும்போது அது 14 வோல்ட் வரை உயரும். சாதாரணத் திறன்பேசிக்குத் தேவைப்படுவது 5 வோல்ட். நடுவில் இருந்து மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பதே சார்ஜரின் வேலை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் தருவது 5 வாட் மட்டுமே. 2.4 ஆம்பியர் சார்ஜர் 12 வாட் தரும். முதல் வகையைச் செருகிவிட்டு வரைபடத்தையும் பாட்டையும் ஓடவிட்டால், மின்கலம் ஏறுவதற்குப் பதிலாக இறங்குவதையும் பார்க்கலாம். பழைய, மலிவான சார்ஜரை மாற்றச் சொல்வது வீண் செலவன்று.

நம் ஊர் வெயிலையும் மறந்துவிடக்கூடாது. வெளியே 32 பாகை செல்சியஸ் என்றால், வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையை நெருங்கும். ஐபோனை 35 பாகைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றும், 45 பாகைக்கு மேலுள்ள இடத்தில் வைக்க வேண்டாம் என்றும் அதைத் தயாரிக்கும் நிறுவனம் கூறுகிறது. அதிகம் சூடான திறன்பேசி திரையின் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும், மின்னேற்றத்தையும் நிறுத்திவிடும். கம்பியில்லாமல் மின்னேற்றும் தாங்கிகள் இன்னும் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கும். இந்த விஷயத்தில், குளிர்காற்றுத் துவாரத்தில் பொருத்தும் தாங்கிக்கு ஒரு நன்மை உண்டு. அது திறன்பேசிக்கும் சேர்த்துக் குளிரூட்டுகிறது.

நல்ல தாங்கி, நல்ல சார்ஜர், புளூடூத் வழியாகக் கைபடாமல் பேசும் வசதி ஆகிய எல்லாம் இருக்கின்றன. இனி ஓட்டுநர் நிம்மதியாகப் பேசலாமா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தார். 2001ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆய்வில், வாகனம் ஓட்டுவது போன்ற சோதனையின்போது தொலைபேசியில் பேசியவர்கள், பேசாதபோது இருந்ததைவிட அதிகமான சைகை விளக்குகளைத் தவறவிட்டார்கள். கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் கைபடாமல் பேசியவர்களுக்கும் இதில் வேறுபாடு தெரியவில்லை. கைபடாமல் பேசும்போது கைகள் ஸ்டியரிங்கில் இருக்கலாம். கண்களும் சாலையில் இருக்கலாம். மனம் மட்டும் உரையாடலில் இருக்கும்.

அப்படியென்றால், பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் ஆபத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். இதையும் அதே பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். எதிரே லாரி ஒன்று திரும்பினால் அவர் பேச்சை நிறுத்துகிறார், சில நேரம் “பார்த்து!” என்று எச்சரிக்கவும் செய்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியாது. “ஏன் பதில் சொல்லமாட்டேங்கிறீங்க?” என்று அவர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

உங்களில் யாருக்கும் இன்னும் ஓட்டுநர் உரிமம் இருக்காது. ஆனால், அந்த மறுமுனையில் இருப்பவர் பல நேரங்களில் நீங்கள்தான். துணைப்பாட வகுப்பு முடிந்ததும் “அப்பா, எங்கே இருக்கீங்க?” என்று அழைக்கிறீர்கள். அவர் தீவு விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே இருக்கலாம். அவர் வாடகைக் கார் ஓட்டுபவராக இருந்தால், பயணி வாய்ப்பு ஒன்று அதே நேரத்தில் திரையில் தோன்றிச் சில விநாடிகளே நிற்கும். அதைத் தவறவிட்டால் வருமானம் குறையும். அவரைப் பொறுத்தவரை தாங்கியும் சார்ஜரும் தொழிற்கருவிகள். “திறன்பேசியை அணைத்து வையுங்கள்” என்று சொல்வது எளிது, செய்வது கடினம். ஆனால், நம்மால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. புறப்படுமுன் முகவரியைத் தட்டச்சு செய்து கொடுக்கலாம். வரைபடம் பேசும் அளவுக்கு ஒலியைக் கூட்டலாம். ‘ஓட்டும்போது தொந்தரவு வேண்டாம்’ என்னும் அமைப்பை இயக்கி, அழைப்பவர்களுக்குத் தானாகவே பதில் போகும்படி செய்யலாம். கம்பி விசைமாற்றிக் கோலில் சிக்காதபடி ஓரமாகச் செருகி வைக்கலாம். காருக்குள் இருக்கும்போது, அழைப்புகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

“அப்பா, அம்மா கூப்பிடுறாங்க. நான் எடுக்கட்டுமா?”

“எடும்மா. ஸ்பீக்கர்ல போடாதே. என்னவாம்?”

“எங்கே வந்துகிட்டு இருக்கோம்னு கேட்கிறாங்க.”

“பிடோக் பக்கம் வந்துட்டோம், பத்து நிமிஷத்துல வீட்ல இருப்போம்னு சொல்லு. அப்படியே, இடப்பக்கம் திரும்பணுமா நேரா போகணுமான்னு பார்த்துச் சொல்லு.”

“நேராதான், அப்பா. அடுத்த சிக்னல்ல இடப்பக்கம்.”